மனநிலைகள் மாறும் பியானோ கச்சேரி: எதற்கு அடுத்து எது?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகள் யூனிசா எட்டாம் கிரேடு பியானோ தேர்வு முடித்துவிட்டாள். சமூகக் கூடத்தில் ஒரு மணி நேரத் தனிக் கச்சேரி வைக்கலாம் என்கிறார் ஆசிரியை. தலைப்பு ‘மாறும் மனநிலைகள்’. ஆசிரியை தந்த பட்டியலில் பாக் எழுதிய சி மைனர் பிரெலூட்-ஃபியூக், பீத்தோவனின் ‘மூன்லைட்’ சொனாட்டா முழுவதும், ஷோபானின் பிரெலூட்களில் 4, 15, 20, பிராம்ஸின் ஏ மேஜர் இன்டர்மெட்ஸோ, டெபுஸியின் ‘வெளிர்கூந்தல் பெண்’ ஆகியவை இருக்கின்றன. “வேகமாக ஒன்று, மெதுவாக ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கினால் போதுமா? வரப்போகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் சொந்தக்காரர்கள், இப்படி ஒரு கச்சேரியே கேட்டிராதவர்கள். ஆயாவும், அதாவது பாட்டியும், வருகிறார். சலித்துவிடாதா? கூடத்தில் இருப்பதோ சுவரோரம் நிற்கும் அப்ரைட் பியானோ.” இதுதான் கேள்வி. (புதியவர்களுக்கு: பிரெலூட் சின்ன முன்னிசை; ஃபியூக், ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றையொன்று துரத்துவது; சொனாட்டா, பல பகுதிகள் கொண்ட பெரிய உருப்படி; இன்டர்மெட்ஸோ, சிறு தனி உருப்படி. சி, ஏ, டி என்பவை ஸ்வரப் பெயர்கள்; மேஜரும் மைனரும் நம் சங்கராபரணம், நடபைரவி மாதிரி இரண்டு ஸ்வர வரிசைகள்.)

மாற்றி மாற்றி அடுக்காதீர்கள். அதுதான் சலிப்புக்குக் குறுக்குவழி. வேகம், மெதுவு, வேகம் என்று மூன்று முறை வந்துவிட்டால் நான்காவது என்ன என்று காது முன்கூட்டியே சொல்லிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நன்றாக வாசித்தாலும் எதிர்பார்த்ததுதான் வந்தது என்றாகிவிடும். அதோடு, வேகமும் மனநிலையும் ஒன்றல்ல. ஷோபானின் நான்காவது பிரெலூடும் ஏழாவதும் இரண்டுமே மென்மையானவை, இரண்டிலுமே ஓட்டமில்லை. ஆனால் நான்காவது 1849 அக்டோபரில் பாரிஸ் மாதலேன் தேவாலயத்தில் ஷோபானின் இறுதிச் சடங்கிலேயே ஆர்கனில் வாசிக்கப்பட்டது. ஏழாவது பதினாறே பார்களில் (தாள வட்டங்களில்) ஒரு சின்ன நடனத்தை நினைவுபடுத்திவிட்டுப் போய்விடுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். சத்தத்திலும் வேகத்திலும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை, மனம் மட்டும் எங்கேயோ போயிருக்கும்.

இந்த வகைக் கச்சேரியில் முரண் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பியானோக்காரர் தனியாக ஒரு முழு மாலையை நடத்தும் வழக்கம் இல்லை. நடுவில் பாட்டுக்காரி வருவார், வயலின் வரும், வாத்தியக் குழு வரும். பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட்தான் 1839இல் ரோமில் தனியாளாக உட்கார்ந்து வாசித்துவிட்டு, “கச்சேரியே நான்தான்” என்று கடிதத்தில் கேலியாக எழுதினார். 1840இல் லண்டனிலும் அப்படியே செய்தார். பக்கத்தில் மிருதங்கம் இல்லை, தனி ஆவர்த்தனம் இல்லை, மூச்சு வாங்க இடமில்லை. ஒரே ஆள், ஒரே வாத்தியம். கேட்பவருக்குப் புதுமை வேண்டுமானால் அது உருப்படிகளின் வரிசையிலிருந்துதான் வர வேண்டும்.

இனி உங்கள் பட்டியல். சோகம், உற்சாகம் என்று இரண்டு டப்பாக்களில் போட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டு, தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளையும், அதாவது உணர்ச்சிகளையும், எடுத்துக்கொள்ளுங்கள்: நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). என் மாணவர்களிடம் இதைத்தான் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதச் சொல்வேன். இன்ன பாட்டு இன்ன மெய்ப்பாடு என்று ஒட்டிவிட முடியாது, பிள்ளைகள் சண்டை போடுவார்கள், போடட்டும். ஆனால் பட்டியலில் எது கூடுதல், எது இல்லை என்பது சட்டென்று தெரிந்துவிடும். உங்கள் பட்டியலில் மூன்லைட்டின் முதல் பகுதி, ஷோபான் 4, ஷோபான் 20 என்று அழுகை மூன்று இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. வெகுளிக்கு மூன்லைட்டின் கடைசிப் பகுதி இருக்கிறது. நகை எங்கே? ஒன்றுகூட இல்லை. பியானோ ஆசிரியர்கள் நிறையப் பேருக்கு உள்ள வியாதி இது. கனமாக இருந்தால்தான் கலை என்ற நினைப்பு.

அதனால் ஹைடனைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். 1790களில் லண்டனில் இருந்தபோது எழுதிய சி மேஜர் சொனாட்டா ஒன்று உண்டு, ஹைடன் உருப்படிகளின் பட்டியலில் ஹோபோகன் எண் 16:50. அதன் கடைசிப் பகுதி மூன்று நிமிடம்கூட வராது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வரி திடீரென்று சம்பந்தமே இல்லாத ஒரு கார்டில் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தில்) முட்டி நின்றுவிடும். ஒரு கணம் நிசப்தம். பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி தொடரும். மேற்கத்திய இசை தெரியாதவர்களும் இதற்குச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். வாசிப்பவள் மட்டும் சிரிக்கக் கூடாது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஜோக் சொல்கிறவரைப் போல உட்கார்ந்திருக்க வேண்டும். சொனாட்டாவில் ஒரு பகுதியை மட்டும் பிய்த்து வாசிக்கலாமா என்று யாராவது கேட்டால், பத்தொன்பதாம் நூற்றாண்டு மேடைகளில் அது சர்வ சாதாரணம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி அடுக்கும் முறை. நான் சொல்ல விரும்புவது உண்மையில் ஒன்றுதான். இரண்டு உருப்படிகளுக்கு நடுவில் முரண் உறைக்க வேண்டுமானால், அவற்றுக்குள் ஏதோ ஒன்று பொதுவாக இருக்க வேண்டும். எல்லாமே வேறு வேறாக இருந்தால் அது முரண் இல்லை, வெறும் மாற்றம். கர்நாடக சங்கீதம் கேட்டவர்களுக்கு இதை எளிதில் விளங்கவைக்கலாம். சங்கராபரணத்தின் தைவதத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் நடபைரவி வந்துவிடும். ஸ்வரங்கள் அவையே, நிலைகொள்ளும் இடம் மட்டும் வேறு. ஆனால் இரண்டு ராகத்துக்கும் முகமே வேறு. ஷோபான் தன் 24 பிரெலூட்களையும் இந்த உறவை வைத்தே அடுக்கினார்: ஒரு மேஜர், உடனே அதே ஸ்வரங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் மைனர், அதற்கு அடுத்து ஐந்தாம் ஸ்வரத்தில் தொடங்கும் மேஜர், அதன் மைனர். 1839இல் வெளிவந்தபோது பலருக்கு அது குப்பையும் கூளமுமாகத் தெரிந்தது. உள்ளே இருப்பதோ கட்டுக்கோப்பான வரிசை.

பதினைந்தாவது பிரெலூடை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மழைத்துளி’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. 1838-39 குளிர்காலத்தில் மயோர்க்கா தீவின் வால்தெமோசா மடத்தில் ஷோபானும் எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டும் தங்கியிருந்தார்கள். மழை நாளில் ஷோபான் ஒரு பிரெலூடை வாசித்துக்கொண்டிருந்ததாகச் சாண்ட் எழுதினார், எந்த எண் என்று சொல்லவில்லை. அதை விடுங்கள். பியானோவில் கறுப்புக் கட்டைகள் இரண்டு இரண்டாகவும் மூன்று மூன்றாகவும் நிற்கின்றன அல்லவா, மூன்று நிற்கும் கூட்டத்தில் நடுக் கட்டையைப் பாருங்கள். தொடக்கத்திலிருந்து அந்த ஒரு கட்டை விடாமல் தட்டப்பட்டுக்கொண்டே இருக்கும். மேலே டி ஃப்ளாட் மேஜரில் தாலாட்டு மாதிரி ஒரு மெட்டு. தட்டல் அதற்குத் துணை, ஆறுதல். பிறகு மெட்டு நின்று, இடக்கை அடிமட்டத்துக்கு இறங்கி, அதே இடத்தின் மைனரில், குரலை அடக்கிக்கொண்டு நடக்க ஆரம்பிக்கும். தட்டுகிற கட்டை மாறவில்லை. தாளில் மட்டும் ஏ ஃப்ளாட் என்றிருந்தது ஜி ஷார்ப் ஆகியிருக்கிறது. விரல் அதே கட்டையில்தான். ஆனால் இப்போது அந்தத் தட்டல் அச்சமாகிவிட்டது. இரண்டு முறை உச்ச சத்தத்துக்கு ஏறி, பிறகு பழைய மெட்டு திரும்பும். உங்கள் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஐந்து நிமிடம் கிடைக்காது. மகளிடம் சொல்ல வேண்டியது ஒன்று: அந்தத் தட்டலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வாசிக்கக் கூடாது. தொடக்கத்தில் அது காதில் விழவே கூடாது. நடுவில் அது மட்டும்தான் காதில் விழ வேண்டும்.

மூன்லைட்டிலும் இதே சூட்சுமம். 1801இல் எழுதியது, பெயர் பீத்தோவன் வைத்ததில்லை. அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்து ரெல்ஷ்டாப் என்ற விமர்சகர் ஏரியில் விழும் நிலவொளியோடு ஒப்பிட, அது நிலைத்துவிட்டது. முதல் பகுதியில் மெல்ல உருளும் மூன்று ஸ்வரங்கள் எல்லார் காதிலும் விழுந்தவைதான், கைப்பேசி ரிங்டோனாகவாவது. கடைசிப் பகுதியில் அதே மூன்று ஸ்வரங்கள் கீழிருந்து மேலே பாய்ந்து ஏறி, உச்சியில் இரண்டு அடி. இங்கேதான் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றுபோலத் தவறுகிறார்கள்: முதல் ஸ்வரத்திலிருந்தே இடிக்கிறார்கள். பீத்தோவன் எழுதியது அப்படியல்ல. ஏறும்போது ‘பியானோ’, அதாவது சத்தம் அடங்கி, மென்மையாக. அந்த இரண்டு கார்டுகளுக்கு மட்டும்தான் அழுத்தக் குறி. கோபத்தை அடக்கிக்கொண்டு ஓடிவந்து, கதவை மட்டும் இரண்டு முறை அறைவது. அடக்கினால்தான் வெகுளி, எல்லாவற்றையும் அறைந்தால் வெறும் சத்தம்.

நடுவில் ஒரு குட்டிப் பகுதி இருக்கிறதே, இரண்டு நிமிடத்துக்கு, அதை அலட்சியமாகத் தாண்டிவிடுவார்கள். லிஸ்ட் அதை இரண்டு பாதாளங்களுக்கு நடுவில் ஒரு பூ என்றாராம். முதல் பகுதி முடிந்ததும் உடனே அடுத்ததைத் தொடங்கு என்று பீத்தோவன் எழுதியிருக்கிறார். சி ஷார்ப்பும் டி ஃப்ளாட்டும் ஒரே கட்டை. அழுது முடித்த அதே இடத்தில் புன்னகை ஆரம்பிக்கிறது. அதற்கு நடுவில் கைதட்டல் விழுந்தால் எல்லாம் போச்சு.

வரிசையை நான் இப்படி வைப்பேன். முதலில் பாக்: ‘வெல்-டெம்பர்ட் கிளேவியர்’ முதல் தொகுதி, 1722, எண் 2. இரண்டு கையும் ஒரே முறுக்காக ஓடும் கண்டிப்பான பிரெலூட், பிறகு ஃபியூக். இரண்டுமே மைனரில் நடந்து கடைசிக் கார்டில் மேஜராக முடிபவை. அந்தக் கடைசிக் கார்டு சி மேஜர். ஹைடன் தொடங்குவதும் சி மேஜரில். எனவே ஃபியூக் முடிந்து கையை எடுக்காமல், நாலு மூச்சு விட்டு, ஹைடனுக்குள் போய்விடலாம். கண்டிப்பான வாத்தியார் திடீரென்று விகடம் சொன்ன மாதிரி இருக்கும். அதற்குக் கைதட்டல் தானாக வரும். பிறகு பிராம்ஸ், 118ஆம் எண் தொகுப்பில் இரண்டாவது. அறுபதை எட்டிய மனிதர் 1893இல் எழுதியது. இதை எந்த மெய்ப்பாட்டில் வைப்பது என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமில்லை, அதனால்தான் பிடிக்கிறது. இதோடு முதல் பாதி. ஐந்து நிமிடம் அவள் உள்ளே போய்த் தண்ணீர் குடிக்கட்டும்.

இரண்டாம் பாதியின் முதலில் மூன்லைட். மேற்கத்திய வழக்கில் பெரிய உருப்படியைக் கடைசியில் வைப்பார்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வழி வந்த நம் கச்சேரி முறையிலோ கனமானது நடுவில், துக்கடாக்கள் கடைசியில். உங்கள் கூட்டத்துக்கு நம் முறைதான் சரி. மூன்லைட் முடிந்து ஆரவாரம் அடங்கியதும் ஷோபான் நான்கும் ஒரே தொகுப்பாக: 4, 7, 20, 15. ஏழாவதை நான் சேர்த்தேன், ஒரு நிமிடம்கூட ஆகாது. நான்காவதன் கடைசிக் கார்டு நிற்பது ஈ ஸ்வரத்தின் மேல். ஏழாவது அதே ஈயில் கால் வைத்துத் தொடங்குகிறது. இருபதாவது பதின்மூன்றே பார், பெரும் சத்தத்தில் ஆரம்பித்து மென்மைக்கும் அதற்குக் கீழும் இறங்கும் சவ ஊர்வலம். முடிவது சி மைனரில். அதிலிருந்து அரை ஸ்வரம் ஏறினால் மழைத்துளியின் டி ஃப்ளாட். நடுப் பகுதியில் அது சி ஷார்ப் மைனருக்குள் இறங்கும்போது, பத்து நிமிடத்துக்கு முன் கேட்ட மூன்லைட்டின் இடம் திரும்பி வருகிறது. பெயர் தெரியாவிட்டாலும் காது அதை அடையாளம் கண்டுகொள்ளும்.

டெபுஸியை அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் போடாதீர்கள். கூடுதலாக ஒன்று வாசி என்று யாராவது கேட்பார்கள் (கேட்காவிட்டால் மாமாவைக் கேட்கச் சொல்லுங்கள்), அப்போது வாசிக்கட்டும். அதன் முதல் ஸ்வரம் துணையில்லாமல் தனியாக வரும் ஒரு டி ஃப்ளாட். மழைத்துளி முடிந்த அதே கட்டை. 1910இல் வந்த அந்தத் தொகுதியில் டெபுஸி தலைப்புகளை ஒவ்வொரு உருப்படியின் கீழேதான், அதுவும் அடைப்புக்குறிக்குள் போட்டார். முதலில் கேளுங்கள், பெயர் பிறகு என்பது போல. அவளும் வாசித்து முடித்த பிறகு பெயரைச் சொல்லட்டும்.

இவ்வளவும் சேர்த்தால் நாற்பது நிமிடம் சொச்சம் வரும். இடைவெளி, பேச்சு, கைதட்டல் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆகிவிடும். நேரத்தை நிரப்புவதற்காக எதையும் சேர்க்க வேண்டாம். உள்ளூர்க்காரர் ஒருவர் இருந்தால் நன்றாயிருக்கும் என்று நீங்கள் நினைத்தால், சுரேந்திரன் ரெட்டியின் பெயரை ஆசிரியையிடம் சொல்லிப் பாருங்கள். 1962இல் டர்பனில் பிறந்தவர், கிளாசிக்கலையும் ஜாஸையும் கலந்து அதற்குக் ‘கிளாஸ்’ (clazz) என்று தானே பெயர் வைத்தவர், 2010இல் காலமானார். அவர் எழுதியவை எளிதல்ல. இந்தக் கச்சேரிக்கு இல்லாவிட்டாலும் உங்கள் மகள் கேட்டிருக்க வேண்டியவர்.

பயிற்சியில் ஒரு விஷயத்தை யாரும் செய்வதில்லை. ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனியாகத் தேய்த்துத் தேய்த்துப் பழகுவார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதைப் பழகவே மாட்டார்கள். கடைசி இரண்டு வாரம் இதை மட்டும் செய்யட்டும்: ஒன்றின் கடைசி நான்கு பார், நிசப்தம், அடுத்ததன் முதல் நான்கு பார். அந்த நிசப்தத்துக்குள் அடுத்ததன் முதல் வரியை மனசுக்குள் பாடிப் பார்த்துவிட்டுத்தான் கை கட்டையைத் தொட வேண்டும். மேடையில் நெஞ்சு படபடக்கும்போது எல்லாரும் மெதுவான பாட்டை வேகமாக ஆரம்பித்துவிடுகிறார்கள், மனசுக்குள் பாடுவது அதற்குக் கடிவாளம். வெயிலிலிருந்து வீட்டுக்குள் வந்தவனுக்குக் கண் பழகக் கொஞ்ச நேரம் வேண்டும். பாக்கிலிருந்து வருகிற காதுக்கும் அப்படித்தான்.

கைதட்டல் பற்றி. நம் ஆட்கள் ஆஹா, பேஷ் என்று சொல்லிக் கேட்டுப் பழகியவர்கள். பீத்தோவன் காலத்தில் ஐரோப்பியர்களும் பகுதிக்குப் பகுதி தட்டியவர்கள்தான். வாயை மூடிக்கொண்டு உட்காரும் வழக்கம் பிறகு வந்தது. எனவே அத்தைமார் தட்டினால் குற்றமில்லை. மூன்லைட்டின் நடுவிலும் ஷோபான் தொகுப்பின் நடுவிலும் மட்டும் வேண்டாம். அதற்கு அறிவிப்பைவிட நல்ல வழி, அவள் கையைக் கட்டைகளுக்கு மேலேயே வைத்திருப்பது. கை மடிக்கு இறங்கினால் தட்டலாம் என்று கூட்டத்துக்குத் தானாகப் புரியும். ஆயாவுக்காக ஒவ்வொரு தொகுப்புக்கும் முன்னால் தமிழில் இரண்டு வரி பேசச் சொல்லுங்கள், ஆனால் “இது சோகமான பாட்டு” என்று சொல்லாமல், “அந்த ஒரு கட்டை தட்டிக்கொண்டே இருக்கும், அதைக் கவனியுங்கள்” என்கிற மாதிரி. என்ன உணர வேண்டும் என்று சொன்னால் கேட்கிறவர் சோம்பேறியாகிவிடுவார்.

அப்ரைட் பியானோ. கிராண்டில், அதாவது தந்திகள் படுக்கையாக இருக்கும் பெரிய பியானோவில், இடது பெடலை மிதித்தால் சுத்தியல் வரிசையே பக்கவாட்டில் நகர்ந்து, ஒரு ஸ்வரத்துக்குள்ள மூன்று தந்திகளில் இரண்டை மட்டும் தொடும். ஒலியின் நிறமே மாறும். அப்ரைட்டில் சுத்தியல்கள் தந்திக்குக் கிட்டே வரும், அவ்வளவுதான்; சத்தம் குறையும், நிறம் மாறாது. ஆகவே மென்மையை விரலிலிருந்துதான் கொண்டுவர வேண்டும், பெடலை நம்ப முடியாது. ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டுவதும் அப்ரைட்டில் சிரமம். கட்டை நன்றாக மேலே எழும்பினால்தான் மறுபடி பேசும். மழைத்துளியை அந்தக் கூடத்துப் பியானோவிலேயே இரண்டு மூன்று நாளாவது பழகிப் பார்க்க வேண்டும். மூன்லைட் முதல் பகுதியில் பெடலை எடுக்காமலே வாசிக்கச் சொல்லிப் பீத்தோவன் குறித்திருப்பதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அவர் காலப் பியானோவில் ஒலி சீக்கிரம் மங்கிவிடும், இன்றைய வாத்தியத்தில் குழம்பிவிடும். பாதி பெடல், கார்டு மாறும்போது மாற்றம்.

டியூனரை முதல் நாளோ அன்று காலையிலோ வரவழையுங்கள், ஒரு வாரம் முன்னால் அல்ல. டர்பன் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் பியானோவின் ஒலிப்பலகை ஊதும், சுருதி ஏறும். ஏசி போட்டால் இறங்கும். கச்சேரிக்கு ஏசி ஓடப்போகிறதென்றால் டியூன் செய்யும்போதும் ஓட வேண்டும். மின்சாரம் போய் ஏசி நின்றால் என்ன என்பதையும் யோசித்து வையுங்கள், நம் ஊரில் அது தெரிந்த கதை. வந்தவரிடம் சுத்தியல் கம்பளியையும் பார்க்கச் சொல்லுங்கள். பல வருடம் அடிபட்டு இறுகியிருந்தால், யார் வாசித்தாலும் மென்மை வராது; ஊசியால் குத்தித் தளர்த்தித் தருவார்.

தேதியைச் செப்டம்பர், அக்டோபரில் வைப்பதானால் புரட்டாசிச் சனிக்கிழமைகளைத் தவிர்த்துவிடுங்கள், பாதிச் சொந்தம் பூஜையில் இருக்கும். ஞாயிறு மாலை நல்லது. பிராம்ஸை மட்டும் அவள் புத்தகம் வைத்தே வாசிக்கட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பக்கம் திருப்ப இசை படிக்கத் தெரிந்த ஒருவரை இடப் பக்கம் உட்காரவைத்து, அவரோடும் ஒரு முறை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.